குணசேகரன் வேடத்துக்கு வந்த வழி

தமிழில் தொலைக்காட்சித் தொடர் நடிப்பு முழுநேரத் தொழிலாக வேரூன்றியது 1990களின் இறுதியில்தான். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அதில் வந்தவை பெரும்பாலும் நாடகங்களும் வாரத் தொடர்களும். நடித்தவர்களில் பலர் சபா மேடைக்காரர்கள், பகலில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்தவர்கள். 1999 இறுதியில் ராதிகாவின் 'சித்தி' வந்து, இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தொடருக்கு உரியதாக்கியது. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டி ஆறு ஆண்டுகள் ஓடியது. நடிகர்களுக்கு நாள் கணக்கில் சம்பளம். படப்பிடிப்பு முடிந்தாலும் டப்பிங் காத்திருக்கும். ஒளிபரப்பு ஒருநாளும் தள்ளிப்போகாது.

இந்தத் தொழிலுக்குள் மிகத் தாமதமாக நுழைந்து, மிக வேகமாக உச்சத்துக்குப் போனவர் ஜி. மாரிமுத்து. தேனி மாவட்டம் வருசநாட்டுப் பகுதியில் உள்ள பசுமலைத்தேரி அவருடைய ஊர். 1990இல் சினிமா ஆசையோடு சென்னைக்கு வந்தார். தென்மாவட்டங்களிலிருந்து அப்படி வந்தவர்கள் பெருங்களத்தூரையும் தாம்பரத்தையும் கடந்தே நகருக்குள் நுழைந்தார்கள். உள்ளே வந்ததும் முதல் கவலை சோறுதான். மாரிமுத்து ஓட்டல்களில் பரிமாறுபவராக வேலை செய்தார். இலக்கிய ஆர்வம் அவரைக் கவிஞர் வைரமுத்துவிடம் சேர்த்தது. பிறகு ராஜ்கிரணின் 'அரண்மனைக் கிளி' (1993), 'எல்லாமே என் ராசாதான்' (1995) படங்களில் உதவி இயக்குநரானார். மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யா ஆகியோரிடமும் பணியாற்றினார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு படம் இயக்கக் கிடைத்தது 2008இல்: 'கண்ணும் கண்ணும்'. ஊரைவிட்டு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த படமான 'புலிவால்' வர 2014 ஆகிவிட்டது. இயக்குநராக நிலைக்க முடியாத அந்த இடைவெளியில்தான், 2011இல், மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்தில் அவரைக் காவல்துறை அதிகாரியாக நடிக்க வைத்தார். சிறு வேடங்கள் தொடர்ந்தன. அவற்றுள் சிறந்தது 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் நாயகியின் அப்பா வேடம். மகள்மேல் உள்ள பாசமும் சாதிக்கு அஞ்சும் அச்சமும் ஒரே முகத்தில் மோதிக்கொள்வதை அவர் குரலை உயர்த்தாமலே காட்டினார். அவருடைய நடிப்பை அளக்க அந்த ஒரு படமே போதும்.

2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' நிலைமையை மாற்றியது. இயக்கியவர் 'கோலங்கள்' திருச்செல்வம். மதுரையில் ஒரு கூட்டுக்குடும்பம். படித்து வந்த மருமகள்களை அடுப்படிக்குள் அடைத்துவைக்கும் மூத்தவர் ஆதிமுத்து குணசேகரன். வெறுக்கப்பட வேண்டிய அந்த மனிதரை, "ஏய், இந்தாம்மா" என்ற அதட்டலை வீட்டுக்கு வீடு சொல்லிப்பார்க்கும் அளவுக்கு, மக்கள் ரசித்தார்கள். இதற்குக் காரணம் மாரிமுத்துவின் பேச்சு. தேனி, மதுரை வட்டாரத்து வழக்கு அவருக்குப் பிறப்பிலேயே வந்தது; கோபமும் நக்கலும் அதில் தானாகக் கலந்து விழுந்தன. சினிமாவில் முப்பது ஆண்டுகளில் கிடைக்காத பெயர் சின்னத்திரையில் சில மாதங்களில் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் வெளியான 'ஜெயிலர்' படத்திலும் அவர் இருந்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 8 காலை, 'எதிர்நீச்சல்' தொடருக்காகச் சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி ஏற்பட்டது. மருத்துவமனைக்குப் போயும் உயிர் பிழைக்கவில்லை. உடல் பசுமலைத்தேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

கதையை நிறுத்த வழியில்லை. சில வாரங்களில் குணசேகரன் வேடம் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தியிடம் போனது. 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதிய அவருக்கும் அது எளிய வேலையாக இல்லை; பார்வையாளர்கள் காதில் பழைய குரல் இருந்தது. தொடர் 2024 ஜூனில் முடிந்தது. மாரிமுத்து நடித்திருந்த 'இந்தியன் 2' அடுத்த மாதம் திரைக்கு வந்தது.