ஒனிமுஷா: வாள்வீச்சு விளையாட்டும் அதன் பின்னுள்ள வரலாறும்

ஒனிமுஷா: வார்லார்ட்ஸ் என்பது ஜப்பானின் காப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக 2001ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட வீடியோ கேம் ஆகும். எதிரிகளை வாளால் வெட்டி வீழ்த்தியபடி முன்னேறும் ‘ஹேக் அண்ட் ஸ்லாஷ்’ வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய மொழியில் ‘ஒனி’ என்றால் கொம்புடைய பூதம். ‘முஷா’ என்றால் போர்வீரன். பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளில் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் விளையாட்டு இதுவே. இதன் கதை முழுவதும் கற்பனை என்றாலும், அதில் வரும் போர்களும் கோட்டைகளும் பல மனிதர்களும் உண்மையானவை. அந்த வரலாற்றின் சில இழைகள் இந்தியாவையும் சென்னைக் கரையையும் தொடுகின்றன.

உருவாக்கம்

1990களின் இறுதியில், காப்காமின் புகழ்பெற்ற ‘ரெசிடென்ட் ஈவில்’ தொடரைப் பழைய ஜப்பானுக்குக் கொண்டுசெல்லும் எண்ணத்தில் இது தொடங்கப்பட்டது. முதலில் பழைய பிளேஸ்டேஷனுக்காகச் செய்த வேலை கைவிடப்பட்டு, புதிய கருவிக்காக மீண்டும் உருவாக்கப்பட்டது. கெய்ஜி இனாஃபுனே தயாரிப்பாளர். ஜுன் தாகேயுச்சி இயக்குநர். நாயகன் சாமனோசுகேவின் முகமும் அசைவும் நடிகர் தகேஷி கனேஷிரோவைக் கொண்டு அமைக்கப்பட்டன.

வீழ்ந்த எதிரிகளின் ஆன்மாக்களை நாயகன் கைக்கவசத்தால் உறிஞ்சுவது இதன் தனித்தன்மை. சிவப்பு ஆன்மா ஆயுதத்தை வலுவாக்கும். நீலம் மந்திர ஆற்றலையும் மஞ்சள் உடல்நலத்தையும் கூட்டும். எதிரி தாக்கும் அதே கணத்தில் வாள் வீசினால் ஒரே வெட்டில் வீழ்த்தலாம். இதன் தயாரிப்பின்போது எதிரிகளை அந்தரத்திலேயே தொடர்ந்து அடிக்க முடிகிற ஒரு நிரல் பிழை தென்பட்டது. அதையே அடிப்படை உத்தியாக மாற்றி அதே நிறுவனம் உருவாக்கிய ‘டெவில் மே க்ரை’, இவ்வகை விளையாட்டுகளின் போக்கையே மாற்றியது.

கதையும் வரலாறும்

ஜப்பானில் 1467இல் தொடங்கிய ஓனின் போருக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக உள்நாட்டுச் சண்டைகள் நீடித்தன. இக்காலம் ‘சென்கோகு’, அதாவது போரிடும் நாடுகளின் காலம் எனப்படுகிறது. பேரரசர் பெயரளவில் இருந்தார். நிலமும் படையும் ‘தாய்ம்யோ’ எனப்பட்ட சிற்றரசர்களிடம் இருந்தன. அதே நூற்றாண்டில் தமிழகத்தில் விஜயநகரப் பேரரசின் கீழ் மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் தத்தம் பகுதிகளை ஆண்டனர்.

விளையாட்டு 1560ஆம் ஆண்டின் ஒகேஹசாமா போருடன் தொடங்குகிறது. அதில் ஓடா நோபுனாகா வெற்றி பெற்ற வேளையில் கழுத்தில் அம்பு பாய்ந்து இறக்கிறார். ‘கென்மா’ என்னும் அரக்கர்கள் அவரை உயிர்ப்பிக்கிறார்கள். பின்னர் இனாபயாமா கோட்டையில் சைதோ குலத்தின் இளவரசி யுகியை அரக்கர்கள் கடத்த, அவளை மீட்க சாமனோசுகே வருகிறான்.

உண்மையில் நோபுனாகா அந்தப் போரில் இறக்கவில்லை. தம்மைவிடப் பலமடங்கு பெரிய படையுடன் வந்த இமாகவா யோஷிமோதோவைத் திடீர்த் தாக்குதலில் வீழ்த்தினார். இனாபயாமாவை 1567இல் சைதோ குலத்திடமிருந்து கைப்பற்றி அதற்கு கிஃபு என்று பெயரிட்டார். 1582 ஜூனில் கியோத்தோவின் ஹொன்னோஜி கோயிலில், தம் தளபதி அகேச்சி மிட்சுஹிதே செய்த துரோகத்தால் மாண்டார். மிட்சுஹிதேயின் உறவினராகவும் படைத்தலைவராகவும் இருந்த அகேச்சி சாமனோசுகே என்ற வீரரின் பெயரே நாயகனுக்குச் சூட்டப்பட்டது. அவரும் அதே ஆண்டில் சகாமோதோ கோட்டையில் உயிர்துறந்தார்.

‘அரக்க மன்னன்’ என்ற பெயர்

ஒனிமுஷாவில் மட்டுமன்றி வேறு பல ஜப்பானிய விளையாட்டுகளிலும் நோபுனாகா அரக்கர்களின் தலைவராகவே வருகிறார். இதற்கு வரலாற்றில் ஒரு வேர் உண்டு. 1571இல் நோபுனாகா ஹியே மலையிலிருந்த என்ரியாகுஜி பௌத்த மடத்தை எரித்து, துறவிகளையும் அங்கிருந்த மற்றவர்களையும் பெருமளவில் கொன்றார். அவருடைய எதிரி தகேதா ஷின்கென் தம்மை அந்த மடத்தின் பௌத்தப் பிரிவுக்குத் தலைவர் என்று குறித்துக் கடிதம் எழுத, நோபுனாகா பதிலில் ‘ஆறாம் வானத்து அரக்க மன்னன்’ என்று கையொப்பமிட்டார். இச்செய்தியை எழுதிவைத்தவர் போர்த்துகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோய்ஸ். கோவாவில் பல ஆண்டுகள் தங்கி, அங்கேயே குருப்பட்டம் பெற்று, 1563இல் ஜப்பான் சென்றவர் அவர்.

பௌத்த மரபில் ஆறாம் வானத்துக்கு அதிபதி மாரன். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்து தோற்றவன். புத்தரை மாரனை வென்றவராகப் போற்றும் மரபு தமிழில் மணிமேகலையிலும் உண்டு. இந்தியாவில் பிறந்த அந்தப் பாத்திரம் சீனா வழியாக ஜப்பான் சென்றது. பகைவனைக் கேலிசெய்ய நோபுனாகா அதைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அந்தக் கேலியே நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் விளையாட்டின் அரக்கனாக உருமாறியது.

துப்பாக்கியும் துணியும்

சாமனோசுகே வாளுடன் வில்லையும் திரித் துப்பாக்கியையும் பயன்படுத்துகிறான். இது காலத்துக்குப் பொருந்தும். 1543இல் தனேகாஷிமா தீவில் கரையேறிய போர்த்துகீசியர்களிடமிருந்து ஜப்பானியர் துப்பாக்கியை வாங்கி, விரைவில் தாங்களே செய்யக் கற்றனர். 1575இல் நாகாஷினோ போரில் நோபுனாகாவின் வெற்றிக்குத் துப்பாக்கி வீரர்கள் பெரிதும் உதவினர்.

அதே கடல்வழியில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் சென்றது. போர்த்துகீசியர் குடியேறிய சாந்தோமின் பெயரால், இப்பகுதியிலிருந்து வந்த கோடிட்ட துணியை ஜப்பானியர் ‘சாந்தோமே’ என்றனர். பின்னர் அதே வகைத் துணியை ஜப்பானிலேயே நெய்யத் தொடங்கினர். இந்தியச் சீட்டித் துணி ‘சரசா’ எனப்பட்டது. தேநீர்ச் சடங்குக்கான பாத்திரங்களின் உறைகளும், சாமுராய்கள் கவசத்தின் மேல் அணிந்த ‘ஜின்பாவோரி’ என்னும் மேலங்கிகள் சிலவும் இத்துணியால் தைக்கப்பட்டன.

இந்த வணிகத்தில் 1639 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டில் ஜப்பானின் தோகுகாவா அரசு போர்த்துகீசியக் கப்பல்களுக்கு முற்றிலும் தடை விதித்தது. ஐரோப்பியரில் டச்சுக்காரர் மட்டும் 1641 முதல் நாகசாகியின் தேஜிமா தீவில் அனுமதிக்கப்பட்டனர். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தவர்களும் அதே டச்சுக்காரர்களே. தமர்ல வேங்கடப்ப நாயக்கர் ஆங்கிலேயர் பிரான்சிஸ் டேக்கு மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்ட இடம் அளித்ததும் 1639இல்தான். அதற்கான பேச்சுவார்த்தையில் பங்குகொண்ட நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர், இன்று சென்னையின் மேற்குப் புறநகராக உள்ள பூந்தமல்லியில் இருந்தார். ஆங்கிலேயரை இங்கு இழுத்ததும் மலிவாகக் கிடைத்த துணிதான்.

மதிப்பீடு

ஒனிமுஷாவைத் தொடர்ந்து 2002, 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த பாகங்கள் வெளிவந்தன. முதல் பாகம் 2019இல் புதுப்பிக்கப்பட்டது. மியாமோதோ முசாஷியை நாயகனாகக் கொண்ட புதிய பாகம் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

சென்கோகு காலத்தின் கோட்டைகளையும் ஆயுதங்களையும் இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்தியது இவ்விளையாட்டின் நன்மை. ஆனால் இதில் வெட்டப்படுவோர் பெரும்பாலும் அரக்கர்கள். வெட்டுவதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஹியே மலையில் எரிந்தவர்கள் மனிதர்கள், எரித்தவர்களும் மனிதர்களே. கொடுமையை அரக்கர்மேல் ஏற்றிவிட்டால் கதை எளிதாகிவிடும். நோபுனாகாவோ நாட்டை ஒன்றிணைக்கத் தொடங்கியவர், வணிகத்தை வளர்த்தவர், மடத்தை எரித்தவர். இம்மூன்றையும் ஒரே மனிதரிடம் சேர்த்துக் காண்பதற்கு விளையாட்டைத் தாண்டி வரலாற்றையும் படிக்க வேண்டியுள்ளது.