கொல்லையிலிருந்து மாடிக்கு: காரைக்கால் வீடுகளில் குளியல் தளத்தின் வரலாறு

தொட்டியும் படியும் இல்லாமல் அறையின் தளம் முழுவதையும் நனையவிட்டு, சரிவின் வழியே நீரை வடிகாலில் இறக்கும் அமைப்பு ‘வெட்ரூம்’ என்ற பெயரில் இன்று கட்டட விளம்பரங்களில் இடம்பெறுகிறது. தொட்டிக் குளியலில் பழகிய ஐரோப்பியருக்கு இது புதுமை. மொகஞ்சதாரோவிலோ, சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே செங்கல் பாவிய சரிவான குளியல் தளங்கள் வீடுகளுக்குள் இருந்தன. அவற்றின் நீர் தெருக் கால்வாயில் சேர்ந்தது. காரைக்காலிலும் நனையும் தளம் பழையதே. அது அமைந்த இடமும் நீர் வெளியேறிய வழியும் மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

குளமும் கொல்லையும்

அரசலாறு, திருமலைராஜனாறு போன்ற காவிரிக் கிளைகள் கடலைச் சேரும் பகுதி இது. இங்கே குளியல் நெடுங்காலம் ஆற்றுத்துறைக்கும் குளத்துக்கும் உரியதாக இருந்தது. திருநள்ளாறு நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து நீராடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. வீட்டுக் குளியல் கிணற்றடியில் நடந்தது. நிற்க ஒரு கருங்கல், மறைவுக்குக் கீற்றுத் தட்டி, வெளியேறும் நீருக்கு வாழைப் பாத்தி என அதன் தேவைகள் எளியவை. நீரைச் சரிவில் ஓடவிடும் நுட்பம் வீட்டுக்குள்ளும் தெரிந்திருந்தது. முற்றத்தில் விழும் மழைநீர் தூம்பு வழியே வெளியேறியது. சுண்ணாம்போடு கடுக்காய் நீர் சேர்த்த பூச்சு கசிவைக் குறைத்தது.

பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றது 1739இல். பிரான்சில் ரூவான் நகரச் சிறை மருத்துவர் மெரி தெலாபோ கைதிகளுக்காக ஷவர் குளியலைப் புகுத்தியதோ 1870களின் தொடக்கத்தில்தான். ஆட்சி தொடங்கி 130 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கேயே பரவத் தொடங்கிய ஒன்றை, அந்த ஆட்சி இங்கு கொண்டுவந்த கொடை என்று கருத இடமில்லை.

வீட்டுக்குள் வந்த குளியலறை

1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நிறைவுற்றது. அதன் பின்வந்த பத்தாண்டுகளில் மின்மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் கான்கிரீட் கூரையும் குளியலறையைக் கொல்லையிலிருந்து படுக்கையறைக்கு அருகே நகர்த்தின. பிறகு அது மாடிக்கும் ஏறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர மீனவர் குடியிருப்புகளிலும் கான்கிரீட் வீடுகள் எழுந்தன.

கொல்லையில் சிந்திய நீர் மண்ணுக்குப் போனது. மாடியில் சிந்தும் நீர் கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டாகத் தெரிகிறது. இதற்காகக் கொத்தனார்கள் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி (சங்கன் ஸ்லாப்), பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, நஹானி டிராப் பொருத்தினர். டிராப்பில் தேங்கும் நீர் குழாய் நாற்றத்தைத் தடுக்கிறது. ஆனால் டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கும் நீர் அந்தப் பள்ளத்திலேயே தங்கிவிட்டால், கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே கடினம்.

படியில்லாத தளம்

இன்றைய வெட்ரூம் விடை தேடுவது இந்தக் கசிவுக்குத்தான். டைல்ஸுக்கு அடியில் நீர்புகாப் பூச்சைச் சுவரிலும் ஏற்றிப் பூசுவதும், மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை சரிவு கொடுப்பதும், கண்ணாடித் தடுப்பால் ஈரப்பகுதியைப் பிரிப்பதும் இதன் கூறுகள். இதன் இன்னொரு பயன், முதியோரும் சக்கர நாற்காலியில் இருப்போரும் தடையின்றி நுழைய முடிவது. பொதுக்கட்டடங்களை அனைவரும் அணுகும்படி அமைப்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்துகிறது. பிரான்சில் 2021 முதல், புதிய அடுக்கக வீடுகளின் தரைத்தளத்தில் படியில்லாத ஷவர் இடம் விதியாகியுள்ளது. அந்நாட்டில் உறவினர் உள்ள காரைக்கால் குடும்பங்கள் பல. ஆகவே இந்த மாற்றம் இங்கு எட்டாத செய்தியல்ல.

முடிவு

வெட்ரூமின் புதுமை தளத்தை நனைப்பதில் இல்லை. அதை உலரவைப்பதில் இருக்கிறது. எனினும் அறைக்குள் கிடைத்த தீர்வு வாசலோடு நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது உறிஞ்சுகுழிகள் நீரை ஏற்பதில்லை. குளியல் நீரைக் கழிவறை நீரோடு கலக்காமல் தனிக்குழாயில் எடுத்து, தோட்டத்துக்கோ முறையான வடிகாலுக்கோ அனுப்பும் ஏற்பாட்டை வரைபட நிலையிலேயே சேர்ப்பது இப்பகுதிக்கு இன்றியமையாதது. பழைய கொல்லை அமைப்பில் இயல்பாகவே நடந்த இந்தப் பிரிப்பை இனி பொறியாளர்தான் திட்டமிட வேண்டும்.