மின்மினி விளக்கு பிறந்த கதை

பினாங்கின் பைராம் தோட்டத்தில் என் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, கிளம்பிவிடுவார். நெற்றியில் கட்டிய விளக்குதான் துணை. நாங்கள் சிறுபிள்ளைகள். மழை விட்ட இரவுகளில் லயத்துக்குப் பின்னால் பறக்கும் மின்மினிகளைப் பிடித்து ஹார்லிக்ஸ் போத்தலில் அடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வோம். காலையில் பார்த்தால் போத்தலில் வெளிச்சம் இராது, பூச்சிகள் மல்லாந்து கிடக்கும். "உசுரு போனா வெளிச்சமும் போயிடும்டா" என்பார் பாட்டி.

பல ஆண்டுகள் கழித்து, புற்றுநோய் உயிரணுக்களை உயிருள்ள எலியின் உடம்புக்குள்ளேயே பார்க்கும் கருவி ஒன்றைப் பற்றிப் படித்தபோது பாட்டி சொன்னது சட்டென நினைவுக்கு வந்தது. அந்தக் கருவி மின்மினியின் ஒளியால் வேலை செய்கிறது. உயிர் போனால் வெளிச்சம் போகும் என்பதுதான் அதன் அடிப்படையும்.

முதலில் கேள்வி கேட்டவர் ரஃபேல் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர். 1885-ல் அவர் கையில் இருந்தது மின்மினி அல்ல, அமெரிக்க வெப்பமண்டலத்தில் ஒளிரும் ஒரு வண்டு. அதன் ஒளி உறுப்பை நசுக்கிக் குளிர்ந்த நீரில் கலந்தார். சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. இன்னொன்றைச் சுடுநீரில் போட்டார். அது உடனே அணைந்தது. ஆறியபின் இரண்டு நீரையும் ஒன்றாக ஊற்றினார். செத்துப்போன ஒளி திரும்பி வந்தது! எரியும் பொருள் ஒன்று, அதை எரியவைக்கும் பொருள் ஒன்று என்று இரண்டு இருப்பதைக் கண்டுகொண்டார். சூடு தாங்கிய முதலாவதற்கு லூசிஃபெரின் என்றும், சூட்டில் கெட்டுப்போன இரண்டாவதற்கு லூசிஃபெரேஸ் என்றும் பெயர் நிலைத்தது.

இருந்தும் கணக்கு முடியவில்லை. மின்மினியிலிருந்து பிரித்தெடுத்த சாறு கொஞ்ச நேரத்தில் ஏன் மங்கிவிடுகிறது? இதற்கு விடை கண்டவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் மெக்எல்ராய். ஆராய்ச்சிக்கு மின்மினிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் நூறு பூச்சிக்கு 25 காசு தருவதாகச் சொன்னார். பிள்ளைகள் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து குவித்தார்கள். (நாங்கள் பிடித்ததற்கு யாரும் காசு தரவில்லை. கொன்ற பாவம் மட்டும் இரு தரப்புக்கும் ஒன்றுதான்.) 1947-ல் மெக்எல்ராய் அறிவித்த விடை இது: மங்கிய சாற்றில் ஏடிபி என்ற பொருளைச் சேர்த்தால் மறுபடி ஒளிர்கிறது. ஏடிபி என்பது ஒவ்வோர் உயிரணுவும் நொடிக்கு நொடி தயாரித்துச் செலவழிக்கும் சக்திக் காசு. அணு இறந்தால் தயாரிப்பு நின்றுபோகும், இருந்ததும் தீர்ந்துபோகும். எங்கள் போத்தல் இருண்டதும் அதனால்தான்.

ஆக, எங்கே மின்மினியின் ஒளி தெரிகிறதோ அங்கே உயிர் இருக்கிறது. இது வெறும் விளக்கு அல்ல, உயிர் காட்டும் விளக்கு.

1985-ல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் மார்லின் டெலூக்கா, டொனால்ட் ஹெலின்ஸ்கி ஆகியோரின் குழுக்கள் லூசிஃபெரேஸைத் தயாரிக்கும் மின்மினி மரபணுவைப் பிரித்துப் பாக்டீரியாவுக்குள் வைத்தன. மறு ஆண்டே அதை ஒரு புகையிலைச் செடியில் ஏற்றிச் செடியையே மினுங்க வைத்தார்கள். இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. அதற்குப் பிறகு ஒளிக்காகப் பூச்சியைக் கொல்ல வேண்டிய தேவை குறைந்தது, பாக்டீரியாவே லூசிஃபெரேஸைத் தயாரித்துத் தந்தது.

இந்த விளக்கு எலிக்குள் போகும்வரை, ஒரு மருந்து புற்றுக் கட்டியைக் கரைக்கிறதா என்று அறிய, எலிகளைக் கூட்டமாக வைத்து வாரந்தோறும் சிலவற்றைக் கொன்று அறுத்துப் பார்ப்பதே பெரும்பாலும் வழக்கம். இன்று அறுத்த எலியும் அடுத்த வாரம் அறுக்கும் எலியும் வேறு வேறு. ஒரே உடம்பில் நோய் நடந்த பாதையை அப்படிப் பார்க்க முடியாது. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கான்டாக் குழுவினர், மின்மினி மரபணுவைப் புற்றணுவுக்குள் வைத்துவிட்டால் அது பிளந்து பெருகும்போது பிள்ளை அணுக்களுக்கும் அந்த விளக்கு போய்ச் சேரும் என்று கணக்கிட்டார்கள். எலிக்கு லூசிஃபெரினை ஊசியில் போட்டு, இருட்டுப் பெட்டிக்குள் கிடத்தி, கடுங்குளிரில் வைத்த கேமராவால் சில நிமிடம் படமெடுத்தால் போதும். கட்டி இருக்கும் இடம் ஒளிப்புள்ளியாகத் தெரியும். வளர்ந்தால் ஒளி கூடும், மருந்து அணுக்களைக் கொன்றால் ஒளி குறையும். எலிக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் அதே எலியை மறுபடி பார்க்கலாம்.

தோலையும் சதையையும் தாண்டி ஒளி எப்படி வரும்? டார்ச் விளக்கை உள்ளங்கைக்கு அடியில் வைத்துப் பாருங்கள். விரல்கள் சிவந்து தெரியும். இரத்தம் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை விட்டுவிடுகிறது. மின்மினியின் பச்சை மஞ்சள் ஒளி, உடம்புச் சூட்டில் சிவப்பின் பக்கம் நகர்கிறது. இயற்கையே செய்துகொடுத்த உதவி இது.

கான்டாக் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் ஒளிர்ந்தவை ஹீலா அணுக்கள். 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கருப்பை வாய்ப் புற்றுக் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டவை. எடுத்த இடம் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ். மெக்எல்ராயின் மின்மினி ஆராய்ச்சியும் அந்தத் தாயின் அணுக்களும் ஒரே நிறுவனத்திலிருந்து புறப்பட்டு, அரை நூற்றாண்டு கழித்து ஓர் எலிக்குள் சந்தித்தன. அவர் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2002-ல் இன்னொரு படி. லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரையில் முதல் பெயர் ராமசாமி பால்முருகன். உடன் இருந்தவர்கள் ஜப்பானின் உமெஸாவாவும், அம்பாலாவில் பிறந்த சஞ்சீவ் சாம் கம்பீரும். அவர்கள் லூசிஃபெரேஸை இரண்டாக வெட்டினார்கள். தீக்குச்சி தனியாகவும் பெட்டி தனியாகவும் இருந்தால் தீ வராது, அதுபோல் அரைத்துண்டு ஒளிராது. ஒவ்வொரு துண்டையும் ஒரு புரதத்தோடு ஒட்டினார்கள். அந்த இரண்டு புரதங்களும் கைகோத்தால் துண்டுகள் நெருங்கி ஒளி பிறக்கிறது. அதாவது, அணு இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அதற்குள் யாரோடு யார் சேர்கிறார் என்பதையும் உயிருள்ள எலியில் பார்க்க முடிந்தது. புற்றணுவைப் பெருகத் தூண்டும் புரதக் கூட்டணிகளை மருந்து பிரிக்கிறதா என்று சோதிக்க இதைவிட நேர்த்தியான வழி வேறென்ன வேண்டும்? கம்பீரின் மகன் 2015-ல் மூளைப் புற்றால் இறந்தான். 2020-ல் கம்பீரையும் புற்றுநோயே கொண்டுபோயிற்று.

மனிதர் உடம்பு எலியைவிடத் தடிமன், ஆழத்திலிருந்து இந்த ஒளி வெளியே வராது. ஆகவே பினாங்கு மருத்துவமனையில் உங்களை யாரும் இப்படிப் படம் எடுக்கப்போவதில்லை. ஆனால் மனிதருக்கு வருமுன் எலியில் சோதிக்கப்படும் புற்றுநோய் மருந்துகள் பலவும் இந்த ஒளியின் முன்னால் நின்று வந்தவை.

பைராமில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மின்மினிகள் நிபோங் திபால் பக்கத்தில் கிரியான் ஆற்றங்கரை மரங்களில் இன்னும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்குப் போனது அமெரிக்க இனம். இங்குள்ளவை பெரெம்பாங் மரத்தில் கூடி, சொல்லி வைத்தாற்போல் ஒன்றாக மினுங்கும் வேறு இனம். அவற்றின் புழுக்கள் கரையின் ஈரமண்ணில் நத்தை தின்று வளர்பவை. கரையை வெட்டினால் புழு சாகும். கரையில் விளக்குப் போட்டால் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று தேடும் சைகை தெரியாமல் போகும். இரவில் அங்கே படகேறுகிறவர்களே, பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கைப்பேசி விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள், போத்தல் கொண்டுபோகாதீர்கள்.