தட்டட்டிக்கு மேலே

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான மாதம் எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே விஷயம் மாடி. தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 12 அடி அகலத்தில் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும் வீடு. தாத்தாவின் அப்பா கட்டியது. கீழே ஒரு கட்டு, மேலே ஒரு மாடி, அதற்கு மேலே தட்டட்டி. சென்னைக்காரர்கள் மொட்டை மாடி என்பதை எங்கள் பக்கம் பழைய ஆட்கள் தட்டட்டி என்றுதான் சொல்வார்கள். அந்தத் தட்டட்டியில் இரண்டு ரூம் எடுத்துவிட்டால் தம்பி குடும்பம் அங்கேயே இருந்துகொள்ளலாம் என்பது அப்பாவின் கணக்கு.

கொத்தனார் வந்தார். அப்பா காபி கொடுக்கச் சொன்னார். அவர் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கீழ்க்கட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து கரண்டியால் சுவரைச் சுரண்டினார். சுண்ணாம்புக் காரை பெயர்ந்தது. அதற்குள்ளே செங்கல். செங்கல்லுக்கு நடுவே விரலை விட்டு நோண்டியதும் பொலபொலவென்று செம்மண் கொட்டியது.

"அய்யா, இது மண்ணுல வச்ச செவரு. வெளியிலதான் காரை. ஒரு மாடியத் தாங்கிக்கிட்டு நிக்கிறதே பெரிய விசயம். இதுக்கு மேல கான்கிரீட்ட ஏத்துனா நான் பொறுப்பில்ல."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எத்தனை வருசமா நிக்குது கொத்தனாரே!" என்றார்.

"நிக்கிது அய்யா. அது தூக்கிட்டிருக்கிற பாரத்துக்கு நிக்கிது."

இந்த ஒரு வாக்கியம் என்னை எங்கெங்கோ அலைய வைத்தது. வீட்டுப் பிரச்சினை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நான் இந்த ஊரில் மாடிகள் எப்படி ஏறின என்று தேட ஆரம்பித்தேன்.

மதுரைக்கு நான்மாடக்கூடல் என்று ஒரு பெயர். மாடத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர். வருணன் ஏவிய மழை ஊரை அழிக்க வந்தபோது சொக்கநாதர் தன் சடையிலிருந்து நான்கு மேகங்களை அனுப்ப, அவை நான்கு மாடங்களாகி ஊரை மூடிக் காத்தன என்கிறது திருவிளையாடல் புராணம். நான்கு பெரிய கோயில்கள் அல்லது நான்கு மாட வாயில்கள் கூடிய இடம் என்று வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும் இங்கே மாடம் என்பது சாமிக்கும் அரசனுக்கும் பெரிய வணிகனுக்கும் உரியது. சாதாரணக் குடியானவன் வீட்டுக்கு மேல் கூரைதான், கூரைக்கு மேல் வானம்தான்.

காசு இருந்தாலும் மாடி கட்ட முடியாத காலம் ஒன்று உண்டு. நமக்குத் தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்த நிலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சாணார் மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது என்பதோடு ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்ற தடையும் இருந்தது. தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பட்டியலில் இருந்த மாடியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உயரம் என்பது சிமெண்டும் செங்கல்லும் மட்டும் தீர்மானிக்கிற சங்கதியாக என்றைக்கும் இருந்ததில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து நொறுக்கியது வளைகுடாப் பணத்தில் கொஞ்சம் நிமிர்ந்த தலித் குடும்பங்களின் வீடுகளை.

மதுரைக்குத் திரும்புகிறேன். இன்று நாம் பார்க்கும் தெருக்களின் அமைப்பு, ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக விரியும் அமைப்பு, நாயக்கர் காலத்தில் உறுதிப்பட்டது. விசுவநாத நாயக்கர் 72 கொத்தளங்களோடு கோட்டை கட்டினார். கோட்டைக்குள் இடம் அளவானது. ஜனம் பெருகப் பெருக வீடு அகலத்தில் குறுகி நீளத்தில் போனது. எங்கள் வீட்டின் 12 அடி அகலத்துக்கு அந்தக் கோட்டைதான் காரணம் என்று நான் அப்பாவிடம் சொன்னபோது, "கோட்டைய இடிச்சு எத்தன வருசமாச்சு, போடா" என்றார்.

இடித்தது 1840-களில். கலெக்டர் பிளாக்பர்ன், 1837 முதல் 1847 வரை இங்கே இருந்தவர், கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அரசாங்கத்திடம் அதற்குப் பணம் கிடையாது. அவர் செய்த தந்திரம் சுவாரசியமானது. தன் செலவில் சுவரை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கு அந்த நிலம் சொந்தம் என்றார். சனங்களே இடித்தார்கள். வெளி வீதிகள் உண்டாயின. வேலையை நடத்திய சர்வேயர் மாரட் பெயரில் மாரட் வீதியும், மேஸ்திரி பெருமாள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. ஒரு மேஸ்திரியின் பெயரில் தெரு இருக்கும் ஊர்கள் எத்தனை இருக்கும்? பெரியார் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரே ஒரு கொத்தளம் மிச்சம் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கோட்டை போனபிறகும் கோயிலைச் சுற்றிய மனைகள் அகலமாகிவிடவில்லை. கடைத்தெருவை விட்டு யாரும் நகரவில்லை. தெற்கே மஹால் பக்கம் சௌராஷ்டிர நெசவாளர்கள் குடியிருந்தார்கள். குழித்தறிக்குப் பள்ளம் வேண்டும். தறி தரையை விட்டு மேலே ஏறாது. ஆகவே குடும்பம் பெருகினால் மனிதர்கள்தான் மேலே ஏற வேண்டும். ஆவணி மூல வீதிப் பட்டறைக்காரர்களுக்கும் கீழே கடை, மேலே வீடு. இந்த ஊரின் மாடிகள் ஆடம்பரத்துக்காக வந்ததைவிடத் தொழிலை விட்டு நகர முடியாமல் வந்தவை என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் கால மாடி எப்படிப் போடப்பட்டது? சுவர் மேல் தேக்கு உத்தரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள், கட்டைமேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் தோய்த்துச் சாய்வாக நிறுத்தி அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத்தையும் தெளித்துத் தெளித்துத் தட்டினால் அது கல்லாக இறுகும். மேலே தட்டோடு. இதைத்தான் மெட்ராஸ் டெரஸ் என்கிறார்கள். எங்கள் பக்கம் இப்படிக் கட்டியதைக் காரை வீடு என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தளம் ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்டக் கனம். மே மாதத்தில் கீழே படுத்தால் குளுகுளுவென்று இருக்கும். அந்தக் குளுமைக்காகத்தான் உள்ளே பதினோரு, பன்னிரண்டு அடி உயரம் விட்டிருக்கிறார்கள்.

பிறகு சிமெண்ட் வந்தது. வந்தும் கைக்குக் கிடைக்கவில்லை. பர்மிட் வாங்கி, ரேஷன் மாதிரி மூட்டைக் கணக்கில் சிமெண்ட் வாங்கிய காலத்தை அப்பா இன்னும் சொல்வார். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுவதும் நீங்கியது. அதன்பின் மதுரையின் தலைக்கட்டு மாறியது. பழைய காரை வீடுகள் இடிபட்டு லாட்ஜுகள் எழுந்தன. எங்கள் தட்டட்டியிலிருந்து தெற்குக் கோபுரம் முழுசாகத் தெரியும். அப்பத்தாவுக்குக் கால் வராமல் போனபிறகு, சாயங்காலம் அவரைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போவோம். அங்கிருந்தே கும்பிட்டுக்கொள்வார். ஒருநாள் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜ் எழும்பத் தொடங்கியது. முதலில் கோபுரத்தின் கீழ் நிலைகள் போயின. பிறகு நடுப்பகுதி. கடைசியில் கலசங்கள் மட்டும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தெரிந்தன. அப்பத்தா தண்ணீர்த் தொட்டியைக் கும்பிட்டார்.

மீனாட்சி கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் எந்தக் கட்டடமும் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 1997 முதல் இருக்கிறது. அப்படியும் தாண்டியவை நூற்றுக்கணக்கில். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இது பொதுநல வழக்காகவும் போனது. விதி நியாயமானது என்றுதான் நினைத்திருந்தேன், டேப்பை எடுத்து எங்கள் வீட்டை அளக்கும்வரை. 9 மீட்டர் என்றால் இருபத்தொன்பதரை அடி. எங்கள் வீட்டுத் திண்ணை உயரம் இரண்டரை. கீழ்க்கட்டு, தளத்தோடு சேர்த்துப் பன்னிரண்டரை. மாடி, தளத்தோடு பதினொன்று. ஆக 26 அடி. மிச்சம் மூன்றரை அடி. அந்த உயரத்தில் ஒரு கோழிக்கூடு கட்டலாம். ஆனால் அதே மனையை இடித்துவிட்டு, ஒன்பதடி உயரத்தில் ரூம்களை அடுக்கினால் மூன்று தளம் வந்துவிடும். கோபுரத்தைக் காக்க வந்த விதி, கோபுரத்தோடு கூடவே வாழ்ந்த காரை வீட்டை இடிக்கச் சொல்கிறது. விதி எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

"எல்லாரும் கட்டுறாய்ங்க, நம்ம கட்டுனா மட்டும் வந்து கேக்கப் போறாய்ங்களா?" என்றார் சித்தப்பா. நான் அவரிடம் சியோல் நகரின் சாம்பூங் கடையைப் பற்றிச் சொன்னேன். நான்கு மாடிக்குத் திட்டமிட்ட கட்டடத்தில் ஐந்தாவதைச் சேர்த்தார்கள். 1995 ஜூன் 29 அன்று அது சரிந்து 502 பேர் இறந்தார்கள். டாக்கா அருகே ராணா பிளாசாவிலும் மேல்தளங்கள் அனுமதியில்லாமல் ஏற்றப்பட்டவை; 2013 ஏப்ரல் 24 அன்று 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது கொரியா" என்றார்.

உண்மையில் மேலே ஏற்றுவது எப்படி என்பதற்கான பாடம் எங்கள் தெருக்கோடியிலேயே நிற்கிறது. கோபுரத்தின் அடிப்பகுதி கல், மேலே செங்கலும் சுண்ணாம்பும். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடச் சிறியது, உள்ளே பொள்ளல். 1559-இல் செவ்வந்தி மூர்த்தி செட்டியார் எடுத்த தெற்குக் கோபுரம் ஒன்பது நிலை ஏறியும் நிற்பதற்கு இதுதான் காரணம். நாமோ கீழே 12 அடி வைத்து மேலே தெருப்பக்கம் மூன்றடி துருத்திக் கட்டுகிறோம்.

முடிக்காமல் விட்டதும் இங்கே உண்டு. வடக்குக் கோபுரம் 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் தொடங்கி மேல்கட்டுமானம் இல்லாமல் நின்றது. மொட்டைக் கோபுரம் என்றே பெயராகிவிட்டது. 1878-இல் வயிநாகரம் நாகப்பச் செட்டியார் அதை முடித்தார். முன்னூறு வருஷம். இன்றும் அங்கிருக்கும் முனியை மொட்டைக் கோபுர முனி என்றுதான் கும்பிடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் அடித்தளத்தோடு நின்ற ராஜகோபுரம் 1987-இல்தான் 13 நிலைகளோடு 236 அடிக்கு எழுந்தது. புது மண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரமோ இன்னும் அடியோடுதான் நிற்கிறது. அதன் கல் நிலைகளுக்கு நடுவே பாத்திரக் கடைகள்.

கொத்தனார் ஒரு வழி சொன்னார். தரையிலிருந்து பில்லர் எழுப்பி, பழைய சுவரைத் தொடாமல் மேலே தளம் போடலாம். ஆனால் பில்லர்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி தின்றுவிடும். சுவர்க்கனம் போகக் கீழே நடக்க இடமிருக்காது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் தட்டட்டிக்கு ஏறிப் போய் வெகுநேரம் நின்றார். பின்வீட்டுக் கிழவர் ஒருவர் அவர் தட்டட்டியில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபுரம் எங்கள் தலைக்கு மேலேதான் தெரியும். அப்பா இறங்கி வந்து, "வேணாம், தம்பி வெளியிலேயே மனை பாக்கட்டும்" என்றார். காரணம் சொல்லவில்லை.

தம்பி ஒத்தக்கடைப் பக்கம் மனை வாங்கினான். மேலே போக முடியாத ஊர் பக்கவாட்டில் போகிறது. போகிற வழியில் கண்மாய்களைத் தின்கிறது. உயர் நீதிமன்றக் கிளையே 2004 முதல் உலகனேரியில்தான் இருக்கிறது, பெயரிலேயே ஏரி. தம்பி வாங்கிய இடத்தில் முன்பு நெல் விளைந்தது என்று பக்கத்துக்காரர் சொன்னார். அவன் அதற்கு வாணம் இரண்டடி கூடுதலாகத் தோண்டினான்.

கிரகப்பிரவேசத்தன்று அப்பா மொட்டை மாடிக்குப் போனார். நான்கு மூலையிலும் பில்லர் கம்பிகள் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

"இதை ஏன்டா இப்படி விட்டு வச்சிருக்க?"

"பின்னாடி மாடி எடுக்கணும்ல."

அப்பா கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "துருப்புடிச்சிரும்" என்றார். மறுநாள் காலையில் ஒரு வாளியில் சிமெண்டுப் பாலைக் கரைத்துக்கொண்டு, பழைய பிரஷ்ஷோடு மேலே ஏறினார்.