மின்னணுக் கதவுப் பூட்டுகளின் கலைச்சொற்கள்: ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லில் மறையும் இரு பொருள்கள்

ஆய்வுச் சுருக்கம்

மின்னணு நுழைவுக் கட்டுப்பாட்டு முறைமைகளில் வழங்கும் ‘ஃபெயில் சேஃப்’, ‘ஃபெயில் செக்யூர்’ என்பன எதிரெதிரான பொருளுடைய கலைச்சொற்கள். மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும் பூட்டை முன்னது குறிக்கும்; பூட்டியபடியே நிற்கும் பூட்டைப் பின்னது குறிக்கும். தமிழில் ‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’ ஆகிய இரண்டிற்கும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லே வழங்குவதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. இச்சொற்களுக்குப் பின்னுள்ள வரலாற்றை ஆராய்ந்து, அவற்றைத் தமிழாக்கும் நெறியொன்றை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், நுழைவுக் கட்டுப்பாடு, மின்காந்தப் பூட்டு, தீப்பாதுகாப்பு, தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

கதவைச் சார்ந்த சொற்கள் தமிழில் தொன்மையானவை. திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்து முதற்குறளிலேயே (71) ‘தாழ்’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. ‘திறவுகோல்’ தன் செயலைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. பேச்சுவழக்கில் அதன் இடத்தைப் பிடித்த ‘சாவி’ போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தது. பூட்டும் சாவியும் கைப்பொருள்களாக இருந்தவரை இச்சொற்கள் போதுமானவையாக இருந்தன. பூட்டு மின்சாரத்தால் இயங்கத் தொடங்கியபோது புதிய வினா ஒன்று எழுந்தது: மின்சாரம் நின்றுபோனால் கதவு என்னவாகும்?

1. பூட்டிய கதவும் தீயும்

இவ்வினாவின் வேர் மின்னணுவியலுக்கு முற்பட்டது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கில் ஏற்பட்ட தீவிபத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெளியேறும் கதவுகள் பல பூட்டப்பட்டிருந்தன. சிலவற்றின் தாழ்கள் மக்களுக்குத் திறக்கத் தெரியாத அமைப்பில் இருந்தன. இதன் விளைவாகவே கார்ல் பிரின்ஸ்லர், ஹென்றி டியூபாண்ட் ஆகியோரின் முயற்சியில், உடலால் தள்ளினாலே திறந்துகொள்ளும் குறுக்குத்தண்டு 1908இல் விற்பனைக்கு வந்தது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டனர். ஒன்பதாம் தளத்தின் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்ததா என்பதே பின்னர் நடந்த வழக்கின் மையமாக அமைந்தது.

உடைமையைக் காக்கப் பூட்டப்படும் கதவு உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின. பிற்காலக் கலைச்சொற்களில் காணப்படும் இரட்டைத் தன்மை இந்த முரணிலிருந்து பிறந்ததே எனலாம்.

2. மின்காந்தப் பூட்டும் புதிய சொற்களும்

நேரடி ஈர்ப்பு வகை மின்காந்தப் பூட்டு 1969இல் மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கிற்காக வடிவமைக்கப்பட்டது. அரங்கின் கதவுகளைப் பூட்டுவது குறித்து உள்ளூர்த் தீயணைப்பு அதிகாரிகள் கொண்டிருந்த கவலையே அதற்குத் தூண்டுகோலாயிற்று. மின்னோட்டம் உள்ளவரை மின்காந்தம் கதவிலுள்ள இரும்புத் தகட்டைப் பற்றியிருக்கும். மின்னோட்டம் அறுந்தால் பிடி விட்டுப்போகும். எனவே இது இயல்பிலேயே ‘ஃபெயில் சேஃப்’ வகையாகும்.

கதவு நிலையில் பதிக்கப்பட்டுப் பூட்டின் நாக்கைப் பிடித்துக்கொள்ளும் ‘எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்’ இரு வகையிலும் கிடைக்கிறது. அதன் ‘ஃபெயில் செக்யூர்’ வகை, மின்சாரம் நின்றாலும் வெளியிலிருந்து வருவோரைத் தடுக்கும். உள்ளிருப்போர் கைப்பிடியைத் திருப்பி வெளியேறலாம். ஆனால் அத்தகைய கைப்பிடி கதவில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

இதே காலப்பகுதியில் அடையாள அட்டை சார்ந்த சொற்களும் தோன்றின. சாவியின்றிக் கதவைத் திறக்கும் வானலைக் கருவிக்கு சார்லஸ் வால்டன் 1973இல் காப்புரிமை பெற்றார். ஜான் வீகண்ட் கண்டறிந்த காந்தக்கம்பி விளைவைக் கொண்டு இயங்கிய அட்டைகள் பின்னர் வழக்கொழிந்தன. ஆயினும் அட்டை படிப்பானிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தரவு செல்லும் முறைக்கு ‘வீகண்ட்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதன் 26 பிட் வடிவத்தில் 8 பிட்டுகள் நிறுவனக் குறியீட்டிற்கும், 16 பிட்டுகள் அட்டை எண்ணிற்கும், 2 பிட்டுகள் பிழை சரிபார்ப்பிற்கும் உரியவை.

3. தமிழாக்கச் சிக்கல்

மேற்கண்ட சொற்களை இருவகைப்படுத்தலாம். ‘வீகண்ட்’ போன்றவை வெறும் பெயர்கள். ஒலிபெயர்ப்பே அவற்றிற்குப் போதும். பழுதுற்ற வேளையில் பூட்டு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கூறும் சொற்களோ பொருளால் பெயர்க்கப்பட வேண்டியவை.

சாலைப் பாதுகாப்பு, தேசியப் பாதுகாப்பு ஆகிய தொடர்களில் ‘பாதுகாப்பு’ இருவேறு கருத்துகளைச் சுமக்கிறது. முன்னது விபத்திலிருந்து காத்தல். பின்னது பகையிலிருந்து காத்தல். பொதுவழக்கில் சூழலே பொருளைத் தெளிவுபடுத்திவிடுகிறது. பூட்டின் கையேட்டில் சூழல் அவ்வாறு உதவுவதில்லை. இரு வகையையும் ‘பாதுகாப்பான செயலிழப்பு’ எனப் பெயர்த்தால், படிப்பவர் எதனைத் தேர்வார்?

‘ஃபெயில் செக்யூர்’ வகையை ஆபத்தானதெனக் குறிப்பதும் பிழையாகும். படிக்கட்டுப் பகுதியைத் தீயிலிருந்து பிரிக்கும் தீத்தடுப்புக் கதவின் நாக்கு மின்சாரம் நின்றாலும் பிடிபட்டே இருக்க வேண்டும். அங்குக் கதவு மூடியிருப்பதே உயிர் காக்கும். எனவே மதிப்பீட்டை விடுத்துச் செயலை மட்டும் கூறும் பெயரே ஏற்றது.

‘வெளியேற்றப் பொத்தான்’ என்பதும் கருதத்தக்கது. ‘வெளியேற்றம்’ பிறரை அகற்றுதலையும் உணர்த்தும். உள்ளிருப்பவர் தாமே அழுத்தி வெளியேறும் கருவியாதலின் ‘வெளியேறு பொத்தான்’ என்பதே பொருந்தும்.

முடிவுரை

‘மின்தடை’ என்னும் சொல் இயற்பியலில் மின்னோட்டத்திற்கான எதிர்ப்பையும் குறிப்பதால் அதனைத் தவிர்த்து, ‘மின் நின்றால் திறக்கும் பூட்டு’, ‘மின் நின்றாலும் திறவாப் பூட்டு’ என்னும் தொடர்களை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. இவை நீளமானவை, ஆயினும் பூட்டைப் பொருத்தும் தொழிலாளிக்கும் கட்டட மேற்பார்வையாளருக்கும் விளக்கமின்றிப் புரிபவை. வெளியேறும் கதவுகள் உட்புறத்திலிருந்து சாவியின்றித் திறக்கக்கூடியனவாக இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. அந்நெறி தமிழ் வழங்கும் பணியிடங்களில் நடைமுறைக்கு வர, அதனைச் சுமக்கும் சொற்களும் ஐயமற்றவையாக இருத்தல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் சுருக்கமும் அழகும் வேண்டற்பாலனவே. உயிர் சார்ந்த துறைகளில் அவற்றினும் முதன்மை பெற வேண்டியது தெளிவு.