கரும்புத் தொட்டிலும் கண்ணாடிக் குடுவையும்

பத்தாங் காலி என்ற பெயரைக் கேட்டவுடன் மலாயா சரித்திரம் படித்தோர்க்கு, 1948-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவ்வூரையடுத்த இரப்பர்த் தோட்டமொன்றில் பிரிட்டிஷ் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்ட 24 சீனர்களே நினைவுக்கு வருவர். அது நியாயமே. ஆனால் இக்கட்டுரை சாவைப் பற்றியதன்று, பிறப்பைப் பற்றியது. அவ்வட்டாரத்திலும், மேற்கே கோலசிலாங்கூர் வரையிலும் பரந்து கிடந்த தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த தமிழ்ப் பெண்மக்கள், பிள்ளை பெறாத குற்றத்திற்காகச் சுமந்து வந்த பழியைப் பற்றியும், அப்பழியைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்படும் புதிய வைத்திய முறையைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பத்தாங் காலியிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் திசையில் பத்துமலை இருக்கிறது. தைப்பூசத்தன்று அங்கு சென்றவர்கள் கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் சேலையைத் தொங்கவிட்டு, அதில் கைக்குழந்தையை இட்டு, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி 272 படிகளையும் ஏறுவார்கள். பல வருஷம் ஏங்கிப் பெற்ற குழந்தையாயிருக்கும். அவர்களுடைய ஆனந்தத்தை ஏளனம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை பிறந்தால் வேண்டுதல் பலித்தது என்கிறார்கள். பிறக்காவிட்டால் முருகன்மேல் யாரும் குறை சொல்வதில்லை, புருஷன்மேலும் சொல்வதில்லை. லயத்திலே கடைசி வீட்டுக் கிழவி முதற்கொண்டு அனைவரும் அவளைத்தான் சொல்கிறார்கள். மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. நம்மவர் வாயில்தான் இல்லை.

விஞ்ஞானம் சொல்வது வேறு. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆணிடம் உள்ள குறை தனிக்காரணமாகவோ துணைக்காரணமாகவோ இருக்கிறதென்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அதிலும் தோட்டத் தொழிலாளர் அறிய வேண்டிய சம்பவம் ஒன்றுண்டு. 1977-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பூச்சிமருந்துத் தொழிற்சாலையொன்றின் ஆட்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, ஒருவருக்கும் புதிதாய்ப் பிள்ளை பிறக்கவில்லை என்பதைக் கவனித்தனர். சோதித்துப் பார்த்ததில், டி.பி.சி.பி. என்ற மருந்து அவர்களுடைய விந்தணுக்களை அழித்துவிட்டது தெரியவந்தது. மண்ணிலுள்ள புழுவைக் கொல்வதற்கான மருந்து அது. கோஸ்டாரிகா முதலிய நாடுகளின் வாழைத் தோட்டங்களில் அதனால் ஆயிரக்கணக்கான ஆண்கள் பிள்ளைப்பேறு இழந்தனர். அத்தோட்டங்களிலும் முதலில் மனைவிமாரைத்தான் குறை சொல்லியிருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நிற்க, மலாயாத் தோட்டங்களில் பெண்ணின் கருப்பை எக்காலத்தும் அவளுடைய சொந்த விஷயமாக இருந்ததில்லை. கங்காணிகள் ஆள் கட்டிய காலத்தில் துரைமார்க்கு வேண்டியது வளர்ந்த கைகள். பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் தமிழ்நாட்டுக் கிராமத்தின் செலவு. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. வந்த பெண்களும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரத்திலும் வெளிக்காட்டிலும் உழைத்தனர். மலேரியாக் காய்ச்சலும் இரத்தச் சோகையும் எத்தனை கருவைச் சிதைத்தன என்பதற்குக் கணக்கு ஏது? 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்ஸன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கினார். அதன் பிறகும் வெகுகாலம், கரு தங்காதவளுக்குப் பூசாரி வேப்பிலையடித்தே வந்தார்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் பிரசவ உதவிப் பணமும் ஆயாக்கொட்டகையும் இடம்பெற்றன. 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் உதவிபெற்ற கூலிகள் மலாயாவுக்குச் செல்வதைத் தடுத்தனர். அதன்மேல் தோட்டத்திற்கு வேண்டிய ஆள் தோட்டத்திலேயே பிறக்க வேண்டியதாயிற்று. ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் கிடந்த குழந்தை தாய்க்குப் பிள்ளை. தோட்டக் கணக்கில் அது நாளைய ஆள்.

வெள்ளையர் நாட்டில் மட்டும் பெண்ணைக் கேட்டுச் செய்தார்களா? 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் வில்லியம் பான்கோஸ்ட் என்பவரிடம் குழந்தையில்லாத தம்பதிகள் வந்தனர். வைத்தியர் முதலில் மனைவியையே நுணுகிச் சோதித்தார். அவளிடம் யாதொரு குறையும் இல்லை. குறை புருஷனிடத்தில் இருந்தது. முன்னாளில் பிடித்த மேகவியாதியின் விளைவு அது. பின்னர் நடந்ததென்ன? அவளைக் குளோரோபாரம் கொடுத்து மயக்கி, மாணவர்கள் சூழ்ந்து நிற்க, அவர்களில் ஒருவனுடைய விந்தை அவள் கருப்பையில் செலுத்தினார்கள். ஆண் குழந்தை பிறந்தது. உண்மை புருஷனுக்குச் சொல்லப்பட்டது. அவனும் சம்மதித்து, மனைவிக்கு மட்டும் தெரியவேண்டாமென்று கேட்டுக்கொண்டான். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1909-இல், ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு எழுதப்பட்ட கடிதத்தால்தான் உலகம் இதை அறிந்தது. நவீனக் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையின் சரித்திரம், பெண்ணை உறங்க வைத்துவிட்டு ஆண்கள் பேசி முடித்த ஒரு காரியத்தில் தொடங்குகிறது என்றால் மிகையாகாது.

ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை பெறும் காலம் வருமென்று பெரியார் ‘இனிவரும் உலகம்’ என்பதில் 1940-களில் சொன்னபோது நகைத்தவர் பலர். 1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆந் தேதி இங்கிலாந்தில் ஓல்டாம் நகரில் லூயி பிரௌன் என்ற பெண் குழந்தை பிறந்ததும் நகைப்பு அடங்கிற்று. எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ என்ற இருவருடைய பெயரும் உலகெங்கும் பரவின. அவர்களோடு ஆய்வறையில் சினைமுட்டைகளைக் காத்துக் கவனித்து வந்த ஜீன் பர்டி என்ற தாதியின் பெயர் ஆஸ்பத்திரிக் கல்வெட்டில் பொறிக்கப்படவில்லை. எட்வர்ட்ஸ் வற்புறுத்தியும் நடக்கவில்லை. அவர் 1985-இல் இறந்தார். 2015-இல்தான் அவர் பெயரோடு புதிய பலகை ஏறிற்று.

ஓல்டாமுக்குப் பின் 70 நாளில், 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆந் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாயரின் முயற்சியால் துர்க்கா என்ற குழந்தை பிறந்தது. குளிர்பதனப் பெட்டி முதலிய எளிய கருவிகளைக் கொண்டே அவர் இதைச் சாதித்தார். சர்க்கார் விசாரணைக் குழு அமைத்து அவர் சொன்னதைப் பொய்யென்று தள்ளிற்று. வெளிநாடு சென்று தம் ஆராய்ச்சியை எடுத்துரைக்கவும் அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் கண் வைத்திய நிலையத்திற்கு மாற்றினார்கள். 1981-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆந் தேதி அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1986-இல் பம்பாயில் தம் ஆய்வால் பிறந்தது என்று பெயர் பெற்றவர் டாக்டர் ஆனந்தகுமார். அவரே பின்னர் முகோபாத்தியாயரின் குறிப்புகளைப் படித்து, முந்தியவர் அவரே என்று 1997-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தம் பட்டத்தைத் தாமே இறக்கி வைத்த அந்த நேர்மையை எத்தனை பாராட்டினாலும் தகும்.

1992-இல் பெல்ஜியத்தில் மற்றொரு முறை வெற்றிபெற்றது. ஒரேயொரு விந்தணுவை எடுத்து, நுண்ணிய ஊசியால் சினைமுட்டைக்குள் செலுத்துவது அது. விந்து மிகக் குறைந்த ஆணும் தகப்பனாகலாம். நல்லதுதான், ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறை ஆணுடையது, பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுக்கொள்பவள் பெண். மயக்கமருந்து அவளுக்கு, முட்டையெடுக்கும் ஊசி அவளுக்கு, கரு தங்காவிட்டால் மறுமுறையும் அவளுக்கே. முன்பு பழியைச் சுமந்தாள்; இப்போது சிகிச்சையையும் சுமக்கிறாள்.

சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-இல் இம்முறையில் வெற்றி கண்டபின், தமிழ்நாட்டில் இவ்வைத்தியம் ஊருக்கு ஊர் பரவிற்று. பரவியதோடு வியாபாரமும் ஆயிற்று. 2022-ஆம் ஆண்டில் ஈரோட்டில் வெளிப்பட்ட செய்தியை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பதினாறு வயதுச் சிறுமியொருத்தியின் வயதை ஆதார் அட்டையில் பொய்யாகக் கூட்டி, பெற்ற தாயும் தரகியும் சேர்ந்து அவளுடைய சினைமுட்டைகளைப் பலமுறை விற்றிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளை மூட அரசாங்கம் உத்தரவிட்டது. அதற்கு முந்திய 2021-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. முட்டை தருபவள் 23 வயது முதல் 35 வயதுக்குட்பட்டவளாயிருக்க வேண்டும். ஆயுளில் ஒரே தடவைதான் தரலாம். ஏழு முட்டைக்குமேல் எடுக்கலாகாது. கூலிக்குக் கருச் சுமப்பதும் கூடாது. ஏட்டிலே குறைவில்லை. தரகியிடம் அகப்படுகிற வறுமைதான் ஏட்டைப் படிப்பதில்லை.

மலேசியாவிலோ 1966-ஆம் ஆண்டில் பிறப்பைக் குறைப்பதற்காகக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பட்டது. 1984-இல் அவ்வாரியத்திற்கு மக்கட்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிற்று. பின்னாளில் குழந்தையில்லாதோர்க்குக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சையளிக்கும் நிலையத்தையும் அதுவே நடத்தலாயிற்று. நாடு பிள்ளை வேண்டாமென்றாலும் வேண்டுமென்றாலும் சீட்டெடுத்துக் காத்திருப்பவள் பெண்ணே.

தோட்டங்கள் துண்டுபட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தை விட்டவர்களின் மக்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மலேசிய இந்தியரிடையே பிறப்பு விகிதமும் வெகுவாய்க் குறைந்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து இச்சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாமென்று 2020-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வயோதிகத்துக்கென்று பிடித்து வைத்த பணம் அது. ஒருமுறை செய்த சிகிச்சை பலிக்காமற்போவது சாதாரணம். பத்தாங் காலியிலிருந்து சேமநிதிப் பணத்தோடு புறப்படும் தம்பதிகள், அப்பணத்தைத் தொடுமுன் புருஷனுடைய விந்துப் பரிசோதனையை முடித்துக்கொள்வார்களாக. செலவு சொற்பம்; ஊசியுமில்லை, மயக்கமுமில்லை.