அசையாக் காற்றின் வரலாறு

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடத்தை நம்மவர் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குவர். அமெரிக்க வணிகர் பிரடெரிக் டூடரின் நிறுவனம் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்கென 1842-ல் எழுப்பிய கட்டடம் அது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த கட்டிகள், வெப்ப மண்டலத்தைக் கடந்து, ஏறத்தாழ நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின் நம் நாட்டை அடைந்தன. 1833-ல் கல்கத்தாவுக்கு வந்த முதற் கப்பலில் ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாது வந்து சேர்ந்தது. இவ்வணிகத்தில் பனிக்கட்டியைப் பெரிதும் காத்தது மரத்தூள். இன்னும் சரியாகச் சொன்னால், மரத்தூளின் இடுக்குகளிலே சிறைப்பட்டிருந்த காற்று.

உலவுகின்ற காற்று வெப்பத்தைச் சுமந்து செல்லும். அடைபட்ட காற்றோ வெப்பத்திற்கு அணையாகும். கம்பளியும் வைக்கோற் கூரையும் பயன்படுவது இதனால்தான். ஆயின், காற்றை மேலும் நுண்ணிய அறைகளில் அடைக்க இயலுமா?

இதற்கு விடை தந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்டீபன்ஸ் கிஸ்ட்லர் என்னும் வேதியியலார். கூழ்போன்ற ஒரு பொருளை உலர்த்தினால், வெயிலிற் காயும் வற்றலைப் போல் அது சுருங்கிவிடும். நீர் வெளியேறும்போது அதன் பரப்பு இழுவிசை நுண்ணறைகளை நெரித்துவிடுவதே காரணம். கிஸ்ட்லர் நீருக்குப் பதிலாக ஆல்கஹாலைப் புகுத்தி, உயர்ந்த அழுத்தத்தில், திரவம் வேறு ஆவி வேறு என்ற பேதம் மறையும் எல்லைவரை சூடாக்கினார். பின்னர் ஆவியை மெல்ல வெளியேற்றினார். கூழின் உருவம் அப்படியே நின்றது. உள்ளே நிறைந்தது காற்று. 1931-ல் அவர் வெளியிட்ட இப்பொருளே ஏரோஜெல். இதன் துளைகள் காற்றின் மூலக்கூறுகள் தாராளமாக ஓடவும் இடம் தராத அளவு சிறியவை. ஆதலால், அசையாக் காற்றினும் சிறந்த வெப்பத் தடையாக இது அமைந்தது.

மணற்சத்தான சிலிகாவினாற் செய்த ஏரோஜெல் எளிதில் நொறுங்கும். எனினும் 1997-ல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் என்ற சிறு வண்டியின் கருவிகளைக் குளிரினின்று காத்தது அதுவே. பின்னர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்க நாசாவின் கிளென் ஆய்வுக்கூடத்தார் பாலிஇமைடு என்னும் பாலிமரைக் கொண்டு மடித்தாலும் முறியாத ஏரோஜெல் ஏடுகளை ஆக்கினர்.

பாலிஇமைடு பெங்களூருக்குப் புதியதன்று. பீனியாவின் தொழிற்கொட்டகைகளில் உருவான ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19-ல் விண்ணேறியது முதல், இந்நகர் நம் செயற்கைக் கோள்களின் தாயகமாக விளங்கி வருகிறது. அக்கோள்கள் பலவற்றைப் போர்த்திய பொன்னிறத் தாளைத் தங்கமென்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது அலுமினியம் பூசிய பாலிஇமைடு ஏடுகளின் அடுக்கு. காற்றில்லாத வெளியில், ஒளிவடிவான வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதே அதன் பணி.

விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்கள் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23-ல் நிலவில் இறங்கியது. அங்கே நிலவு மண்ணே சிறந்த வெப்பத் தடையெனக் கருவிகள் காட்டின. எட்டு சென்டிமீட்டர் ஆழத்திற்குள் சுமார் 60 பாகை வேறுபாடு காணப்பட்டது. ஒரு நிலவுப் பகலுக்கென்றே அமைந்த கலமும் வண்டியும், இரவின் கடுங்குளிருக்குப் பின் எழுப்பியபோது மறுமொழி தரவில்லை.

போர்வை வெப்பத்தைப் படைப்பதில்லை. உள்ள வெப்பத்தைக் காப்பதே அதன் கடமை. சோஜர்னருக்கு ஏரோஜெல்லோடு கதிரியக்கத்தால் இயங்கும் சிறு வெப்பமூட்டிகளும் துணை நின்றன. நிலவின் நீண்ட இரவைக் கடக்க விரும்பும் எந்தக் கலத்திற்கும் உள்ளே ஒரு கனலும் வெளியே ஒரு காப்பும் வேண்டும். ஐஸ் ஹவுஸின் மரத்தூளில் நாம் கண்ட அப்பழைய உண்மையே நாளைய விண்கலங்களுக்கும் வழிகாட்டும்.